காணாமல் போன வீட்டுக்காரர்

எங்கள் குடும்பத்தில் பொம்பளை ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனாலும் துணைக்கு ஓர் ஆள் வரும். ஐம்பது வயதைத் தாண்டியும் எனக்கு அந்தத் தண்டனை குறையவில்லை. போன தை மாதம் பொறுத்தது போதும் என்றாகிவிட்டது. திருமயத்திலிருந்து கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கு நான் மட்டும் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"தனியாப் போயி என்ன பண்ணப்போற?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணும் பண்ணப்போறதில்ல. அதுக்குத்தான் போறேன்."

"பாதி வழியில போன் போட்டு, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு அழுவ பாரு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே, தலைகீழாக நின்றாவது தனியாகப் போய்த் திரும்பிவிட வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது எனக்கு.

புதுக்கோட்டையில் பஸ் மாறியதும் பக்கத்து சீட் அம்மா ஆரம்பித்தார். "தனியாவா வந்தீங்க?"

ஆமாம் என்றால் கூடவே ஒட்டிக்கொள்வார். எங்கள் பக்கத்து ஜனங்கள் அப்படி. தனியாக ஒருத்தியைக் கண்டால் பாவம் பார்த்தே கொன்றுவிடுவார்கள். "வீட்டுக்காரரு முன்னாடியே போயிட்டாரு. கோயில்ல நிப்பாரு" என்று அள்ளிவிட்டேன்.

அந்த அம்மாவுக்கும் அதே ஊர் என்று யார் கண்டது! "வாங்க, அவருகிட்ட ஒப்படைச்சிட்டே போறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

கோயிலில் வீட்டுக்காரரைக் காணோம். எப்படி இருப்பார்? மூன்றில் ஒரு கோயிலே காணாமல் போய் அடித்தளம் மட்டும் கிடக்கிற இடம் அது. என்னைவிட அந்த அம்மாவுக்குத்தான் பதற்றம். "சட்டை என்ன கலரு?" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நீலம்" என்றேன். புல் வெட்டிக்கொண்டிருந்தவரையும் விடவில்லை. "நீங்க அங்கிட்டுப் பாருங்க, நான் இங்கிட்டுப் பாக்குறேன்."

கொஞ்ச நேரத்தில் நீலச் சட்டைக்காரர் ஒருவரைக் கையோடு இழுத்துவந்தார். "இவருதான?" அந்த மனிதர் திருதிருவென்று முழித்தார். பின்னாலேயே வந்த அவருடைய சம்சாரம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

"இவரு இல்லீங்க."

"அப்ப வீட்டு நம்பரச் சொல்லுங்க, நான் பேசுறேன்" என்று போனை எடுத்தார். அந்த ஒரு போன் போனால் போதும், வீட்டுக்காரர் ஜெயித்துவிடுவார்.

"யாரும் வரலங்க! நான் தனியாத்தான் வந்தேன்!" என்று கத்தியேவிட்டேன். கத்தியதும் அழுகை ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம்.

"அடி ஆத்தீ! இத பஸ்ஸுலயே சொல்றதுக்கென்ன?" என்று தலையில் கை வைத்தார். திட்டிவிட்டுப் போய்விடுவார் என்று பார்த்தால், போகவில்லை. "வீட்டுல விட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கேக்கலங்க. சொல்லிட்டு வந்துட்டேன்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு புல்வெளியில் நன்றாகத் தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நான் ஒங்களுக்குத் துணையில்ல, தெரியுதா?" என்றார் திரும்பாமலே. "இந்த ஊருலயே பொறந்து வளந்தும் ஒரு நாளு இங்க நானா வந்து ஒக்காந்ததில்ல. இன்னிக்கு நானும் தனியாத்தான் வந்திருக்கேன்."