லிஃப்ட் அண்ணாவின் ஓட்டு

சீசன் டிக்கெட்டைப் பாதி உயர்த்திவிட்டு, மெதுவாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்ட கை அது. எங்கள் அலுவலகத்தில் லிஃப்ட் இயக்கிய அண்ணாவின் கை. மாலை ரயிலில் தாம்பரம் போய்ச் சேரும்வரை நாங்கள் ஏழெட்டுப் பேர் நாட்டைத் திருத்திக்கொண்டே வருவோம். குரோம்பேட்டை தாண்டியதும் வாக்கெடுப்பு. ஆதரிப்பவர்கள் முதலில், எதிர்ப்பவர்கள் பிறகு, சீசனை உயர்த்திக் காட்ட வேண்டும். தோற்றவர் இறங்கியதும் எல்லோருக்கும் சுண்டல் வாங்கித் தர வேண்டும்.

அன்றைய விவாதத்தைக் கிளப்பியவன் நான்தான். வருமான வரியை ஒழித்துவிட்டு, நாடு முழுக்க வாங்கும் பொருளுக்கு மட்டும் வரி போட்டால் என்ன? செலவழிக்கிறவன் கட்டட்டும், சேமிக்கிறவன் பிழைக்கட்டும் என்று தொண்டை கிழியப் பேசினேன். சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துவிடுகிறார்களே என்ற எரிச்சல் எல்லோருக்கும் இருந்ததால் சீசன்கள் மளமளவென்று உயர்ந்தன. எதிர்ப்பவர் யாராவது உண்டா என்றபோது அண்ணா மட்டும் தன்னுடையதை எடுத்தார்.

"சம்பளம் நின்னுபோச்சின்னா ஒங்க வரியும் நின்னுடும் சார். எங்க வூட்ல அம்மா படுத்துகினு கீது. அதுக்கு மருந்து, துணி வாங்காம இருக்க முடியுமா? அதுல வரிய ஏத்துனா நான் இன்னா பண்றது?"

நான் கிண்டல் செய்தேன். "வருமான வரியே கட்டாத ஆளுக்கு இதுல ஓட்டு எதுக்குண்ணா?" பெட்டியே சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், பாதி உயர்த்திய சீசனைப் பைக்குள் வைத்துக்கொண்டார். தாம்பரத்தில் அவர் காசில் சுண்டல் தின்றோம். மறுநாளிலிருந்து அவர் வேறு பெட்டியில் ஏறினார். நான் தேடிப் போகவில்லை, சண்டாளன்.

போன வருடம் என் வேலை போயிற்று. அடுத்த மாதமே மனைவிக்குப் பக்கவாதம். சேமித்ததில் பெரும்பகுதி மருத்துவமனையோடு சரி. இப்போது நான் வருமான வரி கட்டுவதில்லை. கையிருப்பு தீர்ந்தால் அவளை எப்படிப் பார்த்துக்கொள்வேன்? நேற்று மருந்துக்கடையில் டயப்பர் பாக்கெட் இரண்டு எடுத்தேன். பில்லில் வரி தனியாக அச்சாகியிருந்தது. கடை டிவியில் நாலு பேர் அதே விவாதத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"வருமான வரிய எடுத்துட்டா நல்லதுதானே சார்? நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணு போதும், பில்லை மாத்திடுங்க" என்றேன். கையில் இருந்த இன்னொரு பாக்கெட்டை மெதுவாக அலமாரியிலேயே திரும்ப வைத்தேன்.