ஏலத்தில் எடுத்த சிடிக்கு ஒரு பிளேயர்

1. விழுங்கிய பெட்டி

திருப்பதியில் ஆடியோ சர்வீஸ் வேலையில் முப்பத்தெட்டு வருடம் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பழைய முதலாளி கடையின் பின்பக்கத்தில் எனக்கென்று ஒரு மேஜையை விட்டு வைத்திருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் சித்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறேன். வந்ததும் ஸ்க்ரூடிரைவர்களை எண்ணுவேன். பதினான்கு இருக்க வேண்டும். பெரும்பாலும் பதிமூன்றுதான் இருக்கும்.

அன்றும் பதினான்காவதைத் தேடிக்கொண்டிருந்தபோது எஸ்தர் அம்மா வந்தார். சித்தூரில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் பெட்ஷீட்டில் சுற்றிய பெட்டி. பின்னால் அவருடைய மகள் கிருபை, கழுத்தில் துப்பட்டாவை இறுக்கச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

உள்ளே இருந்தது மெல்லிய, அழகான சிடி பிளேயர். ட்ரே கிடையாது, முன்னால் ஒரு கீறல் மாதிரி வாய். அதில் சிடியை வைத்தால் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்லாட் வகை. பெங்களூரில் இருக்கும் மகன் அனுப்பியது.

“சார், இது சிடிய முழுங்கிடுச்சி. பொத்தான அமுக்கினா உர்ருன்னு கத்திக்கினே இருக்குது, வெளிய குடுக்க மாட்டேங்குது.”

வேறு சிடிகள் இல்லையா என்று கேட்டேன்.

“எட்டு இருக்குது. ஆனா இவ பாடினது இது ஒண்ணுலதான் சார்.”

அவர்கள் சர்ச்சில் ஒரு வழக்கம். அறுப்பின் பண்டிகை என்ற அறுவடை விழா அன்று காலையில் பாடகர் குழு பாடுவதைப் பதிவு செய்து, சாப்பாட்டுக்குள் ஒரே ஒரு சிடி எழுதுவார்கள். கோழி, பூசணிக்காய், மாங்காய் ஊறுகாயோடு அந்த சிடியும் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் எடுத்தவரிடம் மட்டும்தான் அது இருக்க வேண்டும் என்பதற்காக, கம்ப்யூட்டரில் இருக்கும் பதிவை அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவார்கள். அதுதான் மரியாதை. அப்படி ஒன்பது வருடத்தில் ஒன்பது சிடி எடுத்தவர் எஸ்தர் அம்மா.

போன வருடம் கிருபைக்குத் தொண்டையில் ஆபரேஷன். பல மாதம் குரல் காற்றாகத்தான் வந்தது. இப்போது பாடிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பண்டிகைக்கு மூன்று வாரம். இந்த சிடியில் பாடிய அதே பாட்டைப் பாடச் சொல்லி சர்ச்சில் கேட்டிருக்கிறார்கள்.

“எந்த எடத்துல மூச்சு எடுத்தேன்னு மறந்து போச்சு சார்,” என்றாள் கிருபை. கரகரப்பான, சின்னக் குரல். “ஒரு தடவ கேட்டாப் போதும். கேக்காம மேடை ஏற மாட்டேன்.”

2. ஸ்டிக்கர்

மேல் மூடிக்கு ஒன்பது ஸ்க்ரூ. பாட்டில் மூடியில் போட்டு மூன்று முறை எண்ணிவிட்டுத்தான் திறந்தேன். காரணம் உடனே தெரிந்தது. சிடியின் மேல்பக்கம் முழுக்க வட்டமான காகித ஸ்டிக்கர். கதிர்க்கட்டுப் படம், வருடம், ஏலம் எடுத்தவர் பெயர். சித்தூர் வெயிலில் பசை இளகி ஓரம் தூக்கியிருக்கிறது. தூக்கிய ஓரம், சிடியை இழுக்கும் ரப்பர் ரோலரில் சுற்றிக்கொண்டது.

ரோலரின் பல் சக்கரத்தை விரலால் பின்பக்கமாக, ஒவ்வொரு பல்லாக நகர்த்தினேன். சிடி முழுசாக வெளியே வந்தது. ஸ்டிக்கர் மட்டும் பழைய சுவரொட்டி மாதிரி கால்வாசி தொங்கியது. கிருபை அதைக் கிள்ளி எடுக்கக் கை நீட்டினாள். நான் மேஜைக்குக் குறுக்கே கை போட்டுத் தடுத்தேன்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் சிடி வைத்திருப்பவர்கள் நிறைய. வீட்டில் எழுதும் சிடியில் பதிவு இருப்பது, பளபளக்கும் கீழ்ப்பக்கத்தில் இல்லை. மேல்பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே. ஸ்டிக்கரை உரித்தால் அந்தப் பூச்சும் கூடவே வரும். பாட்டு காகிதத்தோடு போய்விடும்.

தொங்கிய பகுதியை மட்டும் சின்னக் கத்தரியால் வெட்டினேன். மீதியைத் தொடவில்லை. சிடியை மறுபடி அந்த வாயில் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

“வேற பிளேயர் பாக்கணும்மா,” என்றேன். “இந்த சிடிய தாங்கற பிளேயரா.”

“நல்லா ஒழைக்கணும் சார். என் பென்ஷன்ல அடங்கணும். அப்புறம் உங்க இஷ்டம்.”

3. டெஸ்ட் டோஸ்

அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். டிஜிட்டல் இன்புட் உள்ள சின்ன ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர். கம்ப்யூட்டர் பாட்டும் போன் பாட்டும் அதில்தான் ஓடுகின்றன. அப்படியானால் பிளேயர் இனிமையாகப் பாட வேண்டிய அவசியம் இல்லை. சிடியில் இருப்பதைப் பிசகாமல் படித்து, பின்பக்கத்தில் கோஆக்சியல் என்னும் டிஜிட்டல் சாக்கெட் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பினால் போதும். பாட்டாக மாற்றும் வேலையை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ளும். இது புரிந்தாலே பாதி செலவு குறையும்.

கடையில் மூன்று இருந்தன. முதலாவது புதுசு, கைக்கடக்கம், விலை மலிவு. பின்பக்கம் டிஜிட்டல் சாக்கெட் இல்லை. ஒதுக்கினேன். இரண்டாவது நான் பல வருடமாக ஆசையோடு துடைத்து வைத்திருக்கும் பழைய பிளேயர். ஏழு கிலோ. கடை சிடியைப் போட்டேன். கணீரென்று பாடியது. இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

எஸ்தர் அம்மா அசையவில்லை.

“சார், ஊசி போடறதுக்கு முன்னாடி டெஸ்ட் டோஸ் போடுவோம். அதே மருந்துல ஒரு சொட்டு. நீங்க வேற மருந்த போட்டுட்டு ஒத்துக்கிச்சுன்றீங்க.”

பையிலிருந்து மற்ற எட்டு சிடிகளையும் எடுத்து வைத்தார். எல்லாம் அதே சர்ச், அதே ஸ்டிக்கர். ஓரம் தூக்காதவை. எண்ணிக்கொண்டே வந்தேன், எட்டில் இரண்டைத்தான் என் ஏழு கிலோ படித்தது. மற்றவற்றில் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. லென்ஸ் களைத்துவிட்டது, கம்பெனியில் அச்சடித்த சிடிக்கு மட்டும் கண் தெரிகிறது. லென்ஸோடு சேர்ந்த பிக்கப் என்ற பாகத்தை மாற்றலாம் என்றால் இங்கே எங்கும் கிடைப்பதில்லை. கனத்துக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமில்லை என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

மூன்றாவது, திருச்சானூரில் ஒரு லாட்ஜின் வரவேற்பறையில் சுப்ரபாதம் போட்டுக்கொண்டிருந்த டிவிடி பிளேயர். பெயின்ட் உரிந்தது. ஆனால் ட்ரே உண்டு, கோஆக்சியல் உண்டு, டிவி இல்லாமலே பாட்டு எண் காட்டும் டிஸ்ப்ளே உண்டு. அதன் பிக்கப், பார்ட்ஸ் கடையில் எப்போது கேட்டாலும் கிடைக்கும் சாதாரண வகை. நானே ஒருமுறை மாற்றியிருக்கிறேன்.

எட்டும் ஓடின. எஸ்தர் அம்மா ஒன்பதாவதை எடுத்துக் கொடுத்தார். ஸ்டிக்கரை ஒரு பக்கம் வெட்டியதால் எடை சரியில்லாமல் சிடி ஆடுமோ என்று ட்ரேயில் இருமுறை சரிபார்த்து வைத்தேன். ட்ரே உள்ளே போனது. கடகடவென்று சத்தம். டிஸ்ப்ளேயில் கோடுகள் மட்டும். பிறகு எண் வந்தது.

முதலில் கேட்டது கோழி. ஏலத்துக்காகக் கட்டி வைத்த கோழி. அதற்கு மேலே ஒரு குரல் எழுந்தது. கிருபை கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது அடியில் அவள் தோள் லேசாக உயர்ந்தது.

“இங்கதாம்மா மூச்சு எடுத்துக்கினு இருக்கேன்,” என்றாள். கூடவே முனகிப் பார்த்தாள். “சுதிய ரெண்டு கட்டை கீழ எறக்கினா முடியும்.”

எஸ்தர் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பெட்டியே போதும், கம்ப்யூட்டரில் ஒரு காப்பியும் எடுங்கள் சார் என்றார். ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது வழக்கமாயிற்றே என்றேன்.

“அந்த மரியாதையால இன்னிக்கி எம் பொண்ணு பாட்டு போயிருக்கும். கமிட்டில நான் பேசிக்கிறேன்.”

4. மூன்றாவது சாரி

பண்டிகைக்கு என்னையும் அழைத்தார்கள். நான் நகரி பக்கத்து விவசாயக் குடும்பம்; சர்ச்சுக்குள் போனது அதுதான் முதல் தடவை. கடைசி வரிசையில் உட்கார்ந்து மின்விசிறிகளை எண்ணினேன். பதினொன்றில் இரண்டு ஓடவில்லை. அப்போது கிருபை எழுந்து பாடினாள். குரல் பழையது இல்லை. கீழே, கனமாக, ஓரத்தில் கொஞ்சம் மணலோடு இருந்தது. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தாள். பிறகு நான் எதையும் எண்ணவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு சிடி ஏலத்துக்கு வந்தது. ஸ்டிக்கர் இல்லை, மார்க்கர் பேனாவால் பண்டிகையின் பெயரும் வருடமும் எழுதியிருந்தார்கள். இன்னொரு காப்பி சர்ச் பீரோவில் இருக்கும் என்று அறிவித்தார்கள். எஸ்தர் அம்மா எடுப்பார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கைதான் உயர்ந்திருந்தது.

“ஒகட்டோ சாரி, ரெண்டோ சாரி,” என்று ஏலம் போடுகிறவர் ஒரு தரம், ரெண்டு தரம் என்பதைத் தெலுங்கில் இழுத்தார். “மூடோ சாரி. ரேடியோ சாருக்கு.”

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. என் வீட்டில் பிளேயர் கிடையாது. நாள் முழுக்கக் கடையில் கேட்டவன், வீட்டில் சத்தம் வேண்டாம் என்றே இருந்துவிட்டேன்.

மறுநாள் கடைக்குப் போய் என் மேஜைக்குப் போகாமல் கவுன்டருக்கு முன்பக்கம் நின்றேன். முதலாளி சிரித்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் என்ன வேண்டும் என்று கேட்பது போலவே தெலுங்கில் கேட்டார்: “ஏம் காவாலி சார்?”

பையிலிருந்து சிடியை எடுத்து கவுன்டரில் வைத்தேன்.

“மொதல்ல இத பாடற பெட்டி எதுன்னு காட்டுங்க. வெலய அப்புறம் பேசுவோம்.”