மூத்தவள் கேட்காத விலக்கு

அந்த நகராட்சியில் தேர்தல் என்றால் தேர்தல் அதிகாரியான அவள்தான்; வீட்டுக்கும் அவள் மூத்த மருமகள். எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை சாவடி, எத்தனை மணிக்குக் கதவடைப்பது, எல்லாம் அவள் வாய்ச்சொல். பஸ் டிப்போ ஆட்கள் வேலை முடிந்து வர ஏழு ஆகிவிடும் என்று அந்த வார்டுக்கு மட்டும் எட்டு மணி வரை வைத்ததும் அவளேதான்.

அவளுடைய இளைய ஓரகத்திக்கு மாநிலத் தேர்தல் அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். மூத்தவள் அன்று தலைவலி என்று சீக்கிரமே படுத்துவிட்டாள். பிறகு மாநிலம் முழுவதும் ஆறு மணிக்கே சாவடிகளை மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதைத் தயாரித்தவர்களில் இளையவளும் ஒருத்தி.

இளையவளே போன் செய்தாள். "அக்கா, உங்க ஊருக்கு விலக்கு வேணும்னா நகராட்சியிலேர்ந்து ஒரு கடுதாசி போதும். நான் மேல பேசுறேன்."

"எங்க ஊர் நேரத்தை உங்ககிட்ட கேட்டு வாங்கணுமா?"

நகராட்சித் தலைவரிடமும் அதையே உள்ளூர் உரிமை என்று சொன்னாள். அவர் தலையாட்டினார். உரிமையில் அவளுக்கு நம்பிக்கை இல்லாமலில்லை. ஆனால் இளையவளின் மேசைக்குப் போகும் காகிதத்தில் தன் கையெழுத்தா என்று நினைத்து, கடிதம் எழுதாமலேயே விட்டாள்.

தேர்தலன்று ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்தச் சொன்னாள். ஏழு மணிக்கு டிப்போ ஆட்கள் சீருடையோடு வந்து நின்றார்கள். மாநிலத்துச் சட்டம், தன் கையில் ஒன்றுமில்லை என்றாள்.

"கேட்டுப் பாத்தீங்களாம்மா?" என்றாள் ஒரு பெண் கண்டக்டர்.

மறுவாரம் மூத்தவள் தானே உட்கார்ந்து கடிதம் எழுதினாள். விலக்கும் வந்தது.

"சின்னவ மனசு வச்சா, ஊருக்கே நல்லது நடந்துச்சு" என்றார் மாமியார், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

"அக்கா எழுதினதாலதான் அத்தை" என்றாள் இளையவள். அந்தப் பெருந்தன்மையைத்தான் மூத்தவளால் விழுங்க முடியவில்லை.

அடுத்த தேர்தலில் டிப்போ வார்டில் எட்டு மணி வரை ஓட்டு விழுந்தது. வரிசையைப் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அப்போது மாநில அலுவலகக் காரில் இளையவள் மேற்பார்வைக்கு வந்து இறங்கினாள். சாவடியில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மூத்தவளும் எழுந்தாள், கொஞ்சம் தாமதமாக.