கண்ணாடிக்கு வராத தண்ணீர்

எண்பதுகளின் கடைசியில் தா.பழூரில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். கணவருக்கு வெளியூரில் வேலை. அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்த எங்கள் பழைய காரை, அவர் இல்லாத நாட்களில் நானே எடுப்பேன். ஓர் ஐப்பசிக் காலை, தங்கையை நேர்முகத் தேர்வுக்காகப் பெரம்பலூருக்கு அழைத்துப் போனேன். பத்து மணிக்கு அவள் அங்கே இருக்க வேண்டும். அவளுக்கு அதுதான் முதல் இன்டர்வியூ.

விக்கிரமங்கலம் தாண்டியதும், எதிரே வந்த சுண்ணாம்புக்கல் லாரி முன் கண்ணாடியில் சேற்றை வாரி அடித்தது. தண்ணீர் பீய்ச்சும் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் உறுமியது, தண்ணீர் வரவில்லை. வைப்பரைப் போட்டேன். அது சேற்றைக் கண்ணாடி முழுக்க மெழுகிவிட்டது. "அக்கா, சைக்கிளு" என்றாள் தங்கை. பிரேக்கை மிதித்தேன். சைக்கிள்காரருக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இறங்கி பானெட்டைத் திறந்தேன். கண்ணாடிக்குப் பீய்ச்சுகிற டப்பா நிறையத் தண்ணீர் இருந்தது. மோட்டாரும் ஓடுகிறது. பிறகு ஏன் வரவில்லை? பிள்ளைகளுக்கு நீரழுத்தம் நடத்துகிற எனக்கு ஒன்றும் புரியவில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டுக் கிளம்பினேன். அடுத்த லாரி வந்ததும் மறுபடி அதே கதை.

போன வாரம்தான் அரியலூர் மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டியிருந்தேன். கோபம் முழுவதும் அவர்மேல் திரும்பியது. வழியில் இருந்த அவர் பட்டறைக்கு நேராகப் போய், நாலு பேர் முன்னால், "நீங்க பாத்த லட்சணத்துல ஒரு உயிரு போயிருக்கும்" என்றேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பானெட்டுக்கு அடியில் இருந்த ரப்பர் குழாயைப் பிடுங்கிவிட்டு, பொத்தானை அழுத்தச் சொன்னார். தண்ணீர் சர்ரென்று கொட்டியது. எனக்கு இன்னும் குழப்பம். இதுவரை வருகிற தண்ணீர் கண்ணாடிக்கு ஏன் வரவில்லை? அவர் ஒரு குண்டூசியை எடுத்து, தண்ணீர் பீய்ச்சுகிற துளையில் குத்தினார். வெள்ளையாக ஏதோ பசை ஒட்டிக்கொண்டு வந்தது. அதை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"வண்டிக்கு பாலிஷ் போட்டீங்களா டீச்சர்?"

போட்டிருந்தேன். இன்டர்வியூவுக்குப் போகிற வண்டி பளபளவென்று இருக்கட்டும் என்று, முந்தின நாள் சாயங்காலம் நானேதான் தேய்த்தேன். அவர் குழாயை மாட்டிவிட்டு, மறுபடி பொத்தானை அழுத்தச் சொன்னார். இந்த முறை தண்ணீர் காரின் கூரையைத் தாண்டிப் பாய்ந்தது. அதையும் அவர் ஊசியாலேயே திருப்பிச் சரிசெய்தார். "நேரமாவுது, போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றாமல் வண்டியைக் கிளப்பினேன்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெரம்பலூர் போய்ச் சேர்ந்தோம். தங்கைக்கு அந்த வேலை கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.

அடுத்த வாரம் அவரிடம் போய், அன்றைக்கு அப்படிப் பேசியது தப்பு என்றேன். அவர் ஒரு சக்கரத்தைக் கழற்றியபடியே நிமிர்ந்து, "என்னிக்குங்க?" என்றார்.

அவர் உண்மையிலேயே மறந்துவிட்டாரா, எனக்காக மறந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் யார்மேலாவது விரல் நீட்டப் போகும்போதெல்லாம் அந்த 'என்னிக்குங்க?' என் வாயை அடைத்துவிடுகிறது.