சயாம் சாமி தின்னாத கறி

என் மகன் பிறந்து ஆறு மாதத்தில் எனக்குப் பால் வற்றிவிட்டது. மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சி; எங்கள் ரப்பர் தோட்டத்தில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அதைத் தின்றால் பால் எங்கிருந்து சுரக்கும்? வீட்டுக்காரரைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சம் இருந்தது கன்றோடு ஒரு பசு. அதன் பாலைத்தான் என் பிள்ளை குடித்தான். பசு போனால் பிள்ளையும் போய்விடுவான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜப்பான் படைக்காரர்கள் கறிக்காகக் கம்பம் என்கிற கிராமங்களில் ஒவ்வொன்றாக நுழைந்து மாடு பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பசுவை வீட்டுக்குள்ளேயே இழுத்துக் கட்டினேன். அடுத்த வீட்டு அக்காதான் வழி சொன்னார். லயத்து வரிசை வீடுகளில் எனக்கு இருந்த ஒரே துணை அவர். அவரிடம் இரண்டு ஆடுகள் இருந்தன. அலோர் ஸ்டார் டவுனில் கொடுத்து அரிசி வாங்கலாம் என்று வளர்த்து வந்தார்.

"சயாம் கோயில்ல கொண்டு போய்க் கட்டுடி. கோயில் மாட்டுல எவனாச்சும் கை வைப்பானா? ஜப்பான்காரனும் அதே புத்தரத்தானே கும்பிடுறான்" என்றார்.

"அப்ப உங்க ஆடு?"

"ஆட்ட யாருடி கேக்கப் போறா? மாடு பெருசுலா, அதான் கண்ணுல படும்."

தோட்டத்தை ஒட்டிய சயாம்காரர் கம்பத்தில் இருந்தது அந்தக் கோயில். அங்கே இருந்தவர் வயதான பிக்கு ஒருவர்தான். சாமி என்று கூப்பிடுவோமே தவிர, எனக்கு அவர்மேல் மரியாதை கிடையாது. காலையில் பாத்திரம் ஏந்திக் கிளம்புவார். சயாம் பெண்கள் மீன் போட்டாலும் கோழி போட்டாலும் வாய் திறக்காமல் வாங்கிப்போய்ச் சாப்பிடுவார். காவி கட்டிக்கொண்டு கோழிக்கால் கடிக்கிறவர் என்ன சாமி? எனக்கும் ஆட்டுக்கறி என்றால் உயிர்தான். ஆனால் நான் காவி கட்டவில்லையே.

பசுவைக் கோயிலுக்குப் பின்னால் பலாமரத்தில் கட்டினேன். சாமி பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தினமும் விடிந்ததும் போய்க் கறந்து வருவேன்.

ஒரு நாள் காலை கறந்துகொண்டிருந்தபோது லாரி வந்து நின்றது. அக்கா அங்கேதான் வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி ஒருவன், சிப்பாய்கள், மலாய் பேசுகிற மொழிபெயர்ப்பாளன் ஒருவன். அதிகாரி பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் புத்தர் முன்னால் நெற்றி தரையில் படக் கும்பிட்டான். அதைப் பார்த்து எனக்குப் பயம் குறையவில்லை, கூடியது.

வெளியே வந்தவன் பசுவைக் காட்டி ஏதோ கேட்டான். கோயில் மாடா என்று மொழிபெயர்ப்பாளன் சாமியிடம் மலாயில் கேட்டான்.

"இல்லை. இந்தப் பெண்ணுடையது" என்றார் சாமி.

ஒரு வார்த்தை பொய் சொன்னால் இவர் தலை வெடித்துவிடுமா? பாவி மனுஷன், வாய் கூசாமல் காட்டிக்கொடுக்கிறாரே என்று மனசுக்குள் கண்டபடி திட்டினேன். ஒரு சிப்பாய் கயிற்றை அவிழ்க்கப் போனான். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினான். சாமியும் கறி சாப்பிடுகிறவர்தானே, ஒரு தொடையைக் கோயிலுக்கே அனுப்புகிறேன் என்றானாம்.

"பாத்திரத்தில் விழுந்ததைச் சாப்பிடுவேன். எனக்காகக் கொன்றது என்று தெரிந்தால், சந்தேகம் வந்தால்கூட, தொடமாட்டேன்" என்றார் சாமி. பிறகு என்னைப் பார்க்காமல், "இந்த மாட்டை யாரும் கோயிலுக்குத் தரவில்லை" என்றார். சொல்லிவிட்டு, தோளில் கிடந்த மஞ்சள் துணியை எடுத்துத் தரையில் விரித்தார்.

அந்தத் துணியை நான் பார்த்திருக்கிறேன். பாத்திரத்தில் போடும் சாப்பாடு தவிர, பெண்கள் கையிலிருந்து அவர் நேராக எதையும் வாங்கமாட்டார். துணியை விரிப்பார், அதில்தான் வைக்க வேண்டும். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் மாட்டைக் கோயிலில் கட்டினோம், கொடுக்கவில்லை. கட்டினாலே கோயில் மாடு ஆகிவிடும் என்று நினைத்துவிட்டோம்.

சிப்பாயின் கையிலிருந்து கயிற்றை எப்படிப் பிடுங்கினேன் என்று தெரியாது. அதன் நுனியைத் துணியில் வைத்தேன். மடி கழுவ வைத்திருந்த செம்புத் தண்ணீரை எடுத்து, எங்கள் வழக்கப்படி அதன்மேல் தாரை வார்த்தேன். "கோயிலுக்குக் குடுத்துட்டேன். மாடும் கன்னும் இனிமே என்னோடது இல்ல" என்று தமிழிலேயே சொன்னேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் என் காலில் கொட்டியது.

யாரும் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி ஈரக் கயிற்றைப் பார்த்தான், சாமியைப் பார்த்தான். என்னை அறையப் போகிறான் என்றே நினைத்தேன். அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு நடந்தான். போகிற வழியில் வேலியோரம் நின்ற இரண்டு ஆடுகளையும் கையால் காட்டினான். சிப்பாய்கள் காலைக் கட்டி லாரியில் எறிந்தார்கள். அக்கா கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்.

மறுநாள் காலை சாமி எங்கள் லயத்துப் பக்கம் வந்தபோது ஒரு சிப்பாய் சைக்கிளில் வந்து அவரை மறித்தான். கையில் மூடிய சட்டி. ஆட்டுக்கறி. சாமி பாத்திரத்தின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். சிப்பாய் மறுபடி நீட்டினான், சாமி கையை எடுக்கவில்லை. பளார் என்று ஓர் அறை. சாமி தள்ளாடி நின்றார், கை மட்டும் அப்படியே இருந்தது. சிப்பாய் ஏதோ கத்திவிட்டுச் சட்டியோடு திரும்பிப் போனான். நான் வேகவைத்திருந்த கிழங்கைக் கொண்டுபோய்ப் போட்டேன். அன்றைக்கு அவருக்கு அதுதான் சாப்பாடு.

பசு இப்போது கோயிலுடையது. கறந்த பாலைத் துணியில் வைப்பேன்; சாமி எடுத்து ஒரு வாய் குடிப்பார், மீதியைத் திரும்பவும் துணியில் வைத்து, குழந்தைக்கு என்பார். சாமி அறை வாங்கிய அன்றும் அப்படித்தான் பாலோடு வந்தேன். அக்கா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனசு ஆறட்டும் என்று, "சாமி அந்தக் கறியத் தொடவே இல்லக்கா. அறை வாங்கியும் கைய எடுக்கல" என்றேன்.

"பாத்தேன். அவரு திங்காம இருந்தா என் ஆடு திரும்பி வந்துருமாடி?"

பால் செம்பை அவரிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்கு? அங்க உன் புள்ள அழுவுது பாரு, போ."

போனேன். மகன் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான். மறுநாள் அக்கா என்னோடு பேசவில்லை, அதற்கு மறுநாளும் பேசவில்லை.