ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்ட வெடிகள்

நவம்பர் மாதத்தில் என் அண்ணன் ரொசேர் காட்டுக்குள் எங்கே இருக்கிறான் என்று யாரும் தேட வேண்டியதில்லை. தலையில் ஆரஞ்சுத் தொப்பி, உடம்பில் ஆரஞ்சுச் சட்டை. முன்னால் ஓடும் நாய்க்கும் முதுகை மூடி வயிற்றடியில் வார் போட்ட ஆரஞ்சுத் துணி, கழுத்தில் பித்தளை மணி. போதாததற்கு உரக்கப் பாடிக்கொண்டே போவான். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே காட்டுக்குள் கிறிஸ்துமஸ் பாட்டு கேட்டால் அது ரொசேர்தான்.

மான் வேட்டை நாட்களில் கனடா எல்லையோரத்து எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் துப்பாக்கியோடு மரத்து மேலே உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் கௌதாரிக்காக நாயைக் கூட்டிக்கொண்டு புதருக்குள் நுழைபவன் கொஞ்சம் கிறுக்கனாக இருக்க வேண்டும், அல்லது ரொம்பக் கவனமானவனாக இருக்க வேண்டும். அண்ணன் இரண்டும்தான்.

என் கணவர் ஆட்ரியன் மான் வேட்டைக்காரர். அவருக்கு அண்ணனைக் கிண்டல் செய்யாவிட்டால் காப்பி இறங்காது.

"ஏன் மச்சான், கௌதாரிக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா? பழக்கடை மாதிரி நடந்து போற!"

"கௌதாரிக்கு நெறம் தெரிஞ்சா அது பறக்கும், மாப்ள. உன்ன மாதிரி ஆளுக்கு நெறம் தெரியலன்னா நான் பறந்துருவேன்."

"மணி வேற. பூசைக்கா போறீங்க ரெண்டு பேரும்?"

"ஆமா. உனக்காகத்தான் வேண்டிக்கப் போறோம்."

இந்தப் பேச்சைக் கேட்டு நான் எத்தனை வருஷம் சிரித்திருக்கிறேன்.

ஆனால் அண்ணனின் கவனம் விளையாட்டாக வந்ததில்லை. அவனுக்கு இருபது வயதுகூட ஆகாதபோது, எங்கள் பெரியப்பா மகன் லோரியே பழுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு சீடார் மரச் சதுப்புக்குள் போனான். அங்கே யாரோ மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். அண்ணன்தான் அவனைத் தோளில் போட்டுச் சாலைவரை தூக்கி வந்தான். வழியிலேயே லோரியே போய்விட்டான். அதை அண்ணன் யாரிடமும் பேசியதில்லை. அடுத்த வருஷம் ஆரஞ்சுத் தொப்பி வந்தது. அதற்குப் பிறகு அவனே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. விடியலிலும் அந்தியிலும் காட்டுக்குள் போகக் கூடாது. வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் போக வேண்டும். வண்டியைச் சாலையோரம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்த வேண்டும். அங்கே வேறு வண்டி நின்றால், அந்த ஆளைக் கண்டுபிடித்து, "நான் இந்தப் பக்கம் போறேன், நீ எந்தப் பக்கம்?" என்று கேட்ட பிறகுதான் இறங்க வேண்டும். தாழப் பறக்கிற பறவையைச் சுடவே கூடாது, நாய் எந்தப் புதரில் இருக்கிறதென்று தெரியாது. இதைக் கிடங்கில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் சொல்வான். கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

கிடங்கு என்றால் உருளைக்கிழங்குக் கிடங்கு. அங்கே கிழங்கு தரம் பிரிப்பதுதான் அவன் வேலை. ஓடும் பட்டையில் அழுகலைப் பொறுக்கி எறிந்தே அவன் வயது போனது. கல்யாணம் செய்தான், லோரெட் என்று நல்ல பெண்தான். கனெக்டிகட்டில் தொழிற்சாலை வேலை கிடைத்து முதலில் அவள் போனாள், பின்னால் இவன் போவதாக ஏற்பாடு. இவன் போகவில்லை, அவள் திரும்பவில்லை. அப்புறம் ஊர்ச் சாலையின் கடைசி வீட்டில் அவனும் நாய்களும்தான். ரூசெட் மூன்றாவது நாய். செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த பிரிட்டனி வகை வேட்டை நாய். ஆரஞ்சுத் துணி இல்லாமல் புதருக்குள் ஓடினால் மான் வாலை ஆட்டிக்கொண்டு போகிற மாதிரியே இருக்கும். அண்ணனுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. வாரை இறுக்கிவிட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்து, மறுபடியும் இறுக்குவான். அது பொறுமையாக நிற்கும்.

அந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் அடுப்பில் ப்ளோய் என்கிற எங்கள் ஊர்த் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் வெண்ணெயும் மேப்பிள் பாகும் தடவிச் சுருட்டிச் சாப்பிட்டபடியே ஆட்ரியனிடம் கேட்டான்.

"இன்னிக்கு எங்க உக்காரப் போற?"

"ஓடைக்கு இந்தப் பக்கம். பழைய வயல் ஓரத்துல."

"நான் அந்தப் பக்கம், ஆல்டர் புதர்ல. மத்தியானத்துக்குள்ள வெளிய வந்துருவேன். நீ ஓடையத் தாண்டி வரக் கூடாது, சரியா?"

"வரல மச்சான். உன் பாட்டக் கேட்டு எந்த மான் வரும் அங்க?"

சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பு அண்ணன் மறுபடி வந்தான். கூட ரூசெட் இல்லை. கதவைத் திறந்து உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். கையிலும் முழங்காலிலும் மண்.

"நாய் எங்க அண்ணே?"

"குண்டு பட்டுருச்சு, ஃபெர்னாண்ட். புதைச்சுட்டு வரேன்."

அவ்வளவுதான் சொன்னான். ஆட்ரியன் அப்போது மேஜையில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது.

"எங்க பட்டுச்சு?"

"ஆல்டர் புதர்ல."

யார் சுட்டது என்று நான் கேட்பதற்குள் அண்ணன் திரும்பிப் போய்விட்டான். ஆட்ரியன் சாப்பிடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாநிலத்தில் ஞாயிறு வேட்டை கிடையாது. பூசைக்குக் கிளம்பும்போது அவர் கட்டிலில் ஒரு காலணியை மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான்தான்" என்றார்.

"என்ன நீங்கதான்?"

"நேத்து ஒரு மான் தடத்தப் பிடிச்சு ஓடையத் தாண்டிட்டேன். வரமாட்டேன்னு சொல்லிட்டு தாண்டிட்டேன். ஃபிர் மரத்துக்குப் பின்னால எதோ அசைஞ்சுது. பழுப்பா தெரிஞ்சுது. சுட்டேன்."

"அது ஆரஞ்சு போட்டிருந்துச்சேங்க. மணி இருந்துச்சே!"

"காத்து அடிச்சுது, மணி கேக்கல. நெறம் எல்லாம் நான் பாக்கல ஃபெர்னாண்ட். அசைஞ்சுதுன்னு சுட்டேன். போய்ப் பாத்தேன், ரத்தம் இல்ல. அதுக்கு முன்னாடியே உங்க அண்ணன் துப்பாக்கிச் சத்தமும் கேட்டுச்சு. பறவைய சுடறான்னு நெனச்சேன். பயந்து வீட்டுக்கு வந்துட்டேன்."

அன்று கோயிலுக்குப் போகவில்லை. நேராக அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவன் அடுப்பங்கரையில் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். ஆட்ரியன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். என் கணவர் யார் முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அண்ணன் அவரையே பார்த்தான். வாய் திறந்தது, மூடியது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போ மாப்ள. வீட்டுக்குப் போ" என்றான்.

அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டில் ஒரு சிரிப்புக்கூடக் கேட்கவில்லை. ஆட்ரியன் ரைஃபிளைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். யாரிடமும் மறைக்கவில்லை, கேட்டவர்களிடம், "நான்தான் சுட்டேன்" என்றே சொன்னார். ஊர் விடுமா? காப்பிக் கடையில் ரேயால் என்றொரு ஆள், எல்லோரும் இருக்கும்போதே கேட்டான்.

"என்ன ஆட்ரியன், இந்த வருஷம் அடிச்சதுக்குக் கொம்பு பெருசா?"

பக்கத்தில் இருந்தவன் சொன்னான், "கொம்பு எங்கய்யா, கழுத்துல மணிதான் இருந்துச்சாம்."

ஆட்ரியன் காப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார். அப்புறம் அந்தக் கடைக்குப் போகவே இல்லை.

ஒவ்வொரு முறை பனி கொட்டியபோதும் விடிந்ததும் முதல் வேலையாக அண்ணன் வீட்டுக்குப் போய் வாசல் பனியைத் தள்ளிக் கொடுத்தார். விறகு பிளந்து அடுக்கினார். அண்ணன் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பான், வெளியே வர மாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சாப்பாடு கொண்டுபோவேன். "அவரு தெரியாம செஞ்சதுதானே அண்ணே, ஒரு வார்த்த பேசேன்" என்பேன். தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவான். இளைத்துக்கொண்டே போனான். நாய் போன துக்கம் என்று நினைத்தேன்.

ஏப்ரல் மாதம், ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடத் தொடங்கிய சமயம், ஆட்ரியன் பாலத்தைத் தாண்டிக் கனடாப் பக்கம் போய் ஒரு பிரிட்டனிக் குட்டி வாங்கி வந்தார். அதே செம்பழுப்பு, அதே வெள்ளை. அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். இத்தோடு இந்த இறுக்கம் தீர்ந்துவிடும் என்று வழியெல்லாம் நினைத்தேன்.

"மச்சான், அத மாதிரி ஆகாதுதான். ஆனா நீ நாய் இல்லாம இருக்கக் கூடாது" என்று சொல்லிக் குட்டியைத் தரையில் விட்டார்.

குட்டி நடுங்கிக்கொண்டே போய் அண்ணனின் காலணியை முகர்ந்தது. அண்ணன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"எடுத்துக்கிட்டுப் போ. என் கிட்ட விடாத."

"ஏன் மச்சான்?"

"நீ சுடல."

"என்ன?"

"நீ எதையும் சுடல ஆட்ரியன். நான் சுட்டேன்."

 அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அந்த மாசம் முழுக்க ஒரு பறவகூட அடிக்கல. அன்னிக்கு ரூசெட் புதருக்குள்ள பறவைய மோப்பம் பிடிச்சு அசையாம நின்னா. நான் போய்க் கலைச்சேன். கௌதாரி மேல எழும்பல, தரையோட தரையா போச்சு. நான் துப்பாக்கியத் தூக்கினேன். அவ அதுக்குப் பின்னால எகிறிட்டா. ஆரஞ்சு போட்டிருந்தா. மணி கட்டியிருந்தா. எல்லாம் சரியா இருந்துச்சு. நான் பறவைய மட்டும்தான் பாத்தேன். உன் வெடிச் சத்தம் அப்புறம்தான் கேட்டுச்சு. அப்போ அவ என் மடியில கெடந்தா."

"அப்புறம் ஏன் சொல்லல அண்ணே?" இதைக் கேட்டது நான்தான். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

"அவன் வந்து நான்தான்னு நின்னான். ராத்திரி முழுக்க மூச்சு முட்டிக் கெடந்தேன் ஃபெர்னாண்ட். அவன் சொன்னதும் ஒரு நிமிஷம் மூச்சு வந்துச்சு. ஒரே ஒரு நாளு அப்படியே இருந்துக்கறேன்னு நெனச்சேன். மறுநாள் அவன் விறகு பிளந்துட்டு இருந்தான். அப்புறம் எப்படிச் சொல்றது?"

ஆட்ரியன் குனிந்து குட்டியைத் தூக்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"அப்ப நான் சுட்டது எத?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல. ஒண்ணுமில்லாதத."

"அந்த எடத்துல நீ நின்னிருந்தா?"

 நாங்கள் வந்துவிட்டோம்.

ஊருக்கு உண்மையைச் சொன்னது அண்ணன்தான். பூசை முடிந்ததும் கோயில் படியில் நின்று ரேயாலிடமே சொன்னான். அவனிடம் சொன்னால் மாலைக்குள் எல்லோருக்கும் போய்விடும் என்று அண்ணனுக்குத் தெரியும். ஆட்ரியனைக் கிண்டல் செய்தவர்கள் அவருக்குக் கை கொடுத்தார்கள். அவரும் கை கொடுத்தார். ஆனால் ரைஃபிளைப் பரணிலிருந்து இறக்கவில்லை.

"இப்பத்தான் உங்க மேல தப்பு இல்லைன்னு ஆயிருச்சே" என்று ஒருமுறை சொன்னேன்.

"நாய நான் கொல்லல, அவ்வளவுதான். பாக்காம சுட்டேன் இல்ல? அது அப்படியேதான் இருக்கு."

அண்ணன் மேல் அவருக்கு இருந்தது வேறு கோபம். "கை தவறுறது யாருக்கும் வரும். குளிர்காலம் முழுக்க ஜன்னலுக்குப் பின்னால நின்னு என்னப் பாத்துக்கிட்டு இருந்தான் பாரு, அத எப்படி மன்னிக்கிறது?" என்றார்.   ஒருவன் கூடப்பிறந்தவன், ஒருவர் கட்டிக்கொண்டவர். இருவருக்கும் நடுவில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்ததுதான் நான் செய்தது.

குட்டி எங்கள் வீட்டில் வளர்ந்தது. அதற்கு வேட்டை பழக்க ஆளில்லை. கோழிகளைத் துரத்தித் திட்டு வாங்கியது. எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் அண்ணன் வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பான். நாய் குரைத்துக்கொண்டு ஓடும். அது பக்கத்தில் நிற்கும்வரை அவன் கண்ணாடியை இறக்க மாட்டான்.

அவன் துப்பாக்கியை விற்றுவிட்டான். நவம்பர் வந்தால் வேலை முடிந்து வீட்டுக்குப் போய் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பான். கிடங்கில் யாருக்கும் எந்தப் புத்தியும் சொல்வதில்லை. ஒரு குளிர்காலத்தில் பட்டைக்கு முன்னால் நின்றபடியே சரிந்தான். மூளையில் அடைப்பு என்றார்கள். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். அங்கிருந்து ஆறு தெரியும். அவன் கட்டில் மட்டும் சுவர்ப் பக்கம்.

ஒரு நாள் நான் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, எப்போதும் வண்டியிலேயே காத்திருக்கும் ஆட்ரியன் இறங்கி உள்ளே போனார். நான் நடைவழியில் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.  பிறகு இந்த வருஷக் கிழங்கு விலையைப் பற்றியும், வண்டி சரியாகக் கிளம்பாததைப் பற்றியும் பேசினார். அண்ணனின் இடது கை போர்வை மேல் அசைந்தது. எதைச் சொல்ல அசைந்ததென்று தெரியவில்லை. மன்னிப்புப் பற்றி எதுவும் என் காதில் விழவில்லை.

வெளியே வந்து என்னைப் பார்க்காமல், "கால் ஜில்லுனு கெடக்கு அவனுக்கு. தடியான காலுறை ரெண்டு எடுத்துட்டு வா அடுத்த தடவை" என்றார்.

எடுத்துப் போனேன். அவர் மறுபடி உள்ளே போகவில்லை, வண்டியில்தான் இருந்தார். அந்த வசந்தத்தில், கிழங்கு நடத் தொடங்கிய வாரம், அண்ணன் இறந்துபோனான்.