பொழிக்குள் வந்த ஓங்கில்

குவைத்தில் சண்டை தொடங்கிய வருடம் எங்கள் பொழிக்குள் ஓர் ஓங்கில் வந்து மாட்டிக்கொண்டது. அதற்கு டால்பின் என்று பெயர் உண்டு என்பதைப் பிற்பாடு தொலைக்காட்சியில்தான் கேட்டேன். பொழி என்பது நெய்யாறு கடலில் சேருகிற வாய். கடல் மண்ணைத் தள்ளி அதை அடைத்துவிடும். ஆறு உள்ளே நிரம்பி வாழைத்தோட்டங்களில் ஏறும். பிறகு ஊர் கூடி மண்ணை வெட்டிவிடும். வாய் திறந்திருந்தபோது மீனைத் துரத்தி உள்ளே வந்ததாக்கும் அது. திரும்பிப் போவதற்குள் வாய் அடைபட்டுப்போனது.

எங்கள் வீடு பாறசாலைப் பக்கம். பொழியோரம் இருந்தது மாமி வீடு. மாமி என்றால் அப்பாவின் தங்கை. மாமா குவைத்தில் தச்சு வேலைக்குப் போயிருந்தார். சண்டை தொடங்கியதிலிருந்து அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மாமிக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். துணைக்குப் போனவள் மாமியைவிட அதிகம் பயந்தாள் என்பது வேறு விஷயம். பள்ளிக்கூடத்துக்கு அப்போது போட்ட மட்டம் நீண்டு நீண்டு, படிப்பே அதோடு நின்றுவிட்டது.

மாமி பொழியில் தேங்காய்த் தொண்டு, அதாவது உரித்த மட்டை, அழுகப் போட்டிருந்தாள். கட்டுக்கட்டாக வலையில் கட்டி, மேலே சேறும் கல்லும் ஏற்றித் தண்ணீருக்குள் அமுக்கி வைப்பது. மாதக்கணக்கில் ஊறினால்தான் அடித்து நார் எடுக்கலாம். பாதிகூட ஊறவில்லை. மாமாவின் பணம் வராத வீட்டில் அந்த நாற்றம் பிடித்த தொண்டுதான் கஞ்சிக்கு வழி.

காலையில் மாமி இடுப்பளவு தண்ணீரில் நின்று கட்டுகளைத் தடவிப் பார்க்கும்போது ஓங்கில் பக்கத்தில் வந்து புஸ்ஸென்று மூச்சு விடும்.

"சவமே, பேடிச்சுப் போனேன்! நிக்கியத பாரு, கடன் கேக்க வந்தவ மாதிரி."

பயந்து இப்படித் திட்டுகிறவள், அது வராத நாளில் தானே கழுத்தை நீட்டித் தேடுவாள்.

மழை விடவில்லை. ஆற்றுத் தண்ணீர் ஏற ஏற உப்பு குறைந்தது. ஓங்கிலின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் புண் வந்தது. வாழைக்காரர்கள் பொழியை வெட்ட வேண்டும் என்றார்கள். வெட்டினால் முதலில் அடித்துக்கொண்டு போவது வாயருகே கிடந்த மாமியின் தொண்டு. "என் நெஞ்சில வெட்டிட்டு அங்க வெட்டுங்க" என்று மாமி சொல்லிவிட்டாள். அதற்குமேல் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

எனக்கு இரண்டு பக்கமும் பயம். வெட்டினால் மாமி பட்டினி. வெட்டாவிட்டால் ஓங்கில் செத்துவிடும். கடித்துக் கடித்து என் விரல்களில் நகம் மிச்சமில்லை.

குவைத்தில் இருப்பவர்கள் பாலைவனத்தைத் தாண்டி வேறொரு நாட்டுக்கு வந்து விமானம் ஏறுகிறார்கள் என்று ஒரு காலையில் ரேடியோ சொன்னது. மாமி ரேடியோவை அணைக்காமலே பொழிக்கரைக்கு வந்தாள். கடலில் மீன் பிடிக்கிற வள்ளக்காரர் ஒருவர் அங்கே ஓங்கிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனி தாங்காது பெண்ணே. ஆத்து வெள்ளத்தில கெடந்து தோலு வேகுது."

பக்கத்தில் நின்ற வாழைக்காரர் ஒருவர் சிரித்தார். "எங்க வாழ முங்கினப்போ இளகாத மனசு, ஒரு மீனுக்காக்கும் இளகப் போவுது?"

"மீனில்ல ஓய், மூச்சு உள்ளதாக்கும். வலையில பெட்டா நாங்க வலையை அறுத்து விடுவோம். வீடு எங்கேண்ணு அதுக்குத் தெரியும். வழிதான் இல்ல."

மாமி மண்மேட்டுக்கு அப்பால் இரைந்துகொண்டிருந்த கடலைப் பார்த்தாள்.

"வழி கிட்டினா போய்ச் சேந்துருமா?"

"சேந்துரும்."

"அப்ப வெட்டுங்க."

"மாமி, தொண்டு?" என்றேன்.

"நீ சும்மா கெட மக்கா."

ஒரு சாண் அகலத்துக்குத்தான் வெட்டினார்கள். மீதியைத் தண்ணீரே வெட்டிக்கொண்டது. மதியத்துக்குள் பொழி வாயைப் பிளந்து இரைந்தது. மாமியின் கட்டுகள் ஒவ்வொன்றாகப் புரண்டு போயின. ஓங்கிலோ மிரண்டு, ஆற்றுக்குள் மேற்கொண்டு ஏறியது. நான் அலறினேன். அங்கே ஒரு வட்டம் அடித்துத் திரும்பி, தொண்டுகளுக்கு நடுவே நீந்தி, வாயைக் கடந்தது. அலைகளுக்கு அப்பால் ஒருமுறை முதுகைக் காட்டியது.

மாமி அந்தக் கட்டுகளைப் பார்க்கவேயில்லை. கடலைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"வந்து சேரு! பத்திரமா வந்து சேரு!"

காலையில் சிரித்த வாழைக்காரர், தாழைப்புதரில் சிக்கிக் கிடந்த இரண்டு கட்டுகளைக் கழியால் இழுத்துக் கரையேற்றினார். நான் மாமியின் சேலையைப் பிடித்து இழுத்தேன். போகிறதைப் பார்த்து 'போ' என்றல்லவா சொல்ல வேண்டும்? பதற்றத்தில் மாமி மாற்றிச் சொல்லிவிட்டாளே!

அடுத்த மாதம் மாமா மெலிந்து, தாடியோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து இறங்கினார். மாமி ஓடி வந்த சத்தம் ஆற்றின் அடுத்த வளைவு வரை கேட்டதாம். நான் பார்க்கவில்லை. அப்போதும் நான் பொழிக்கரையில்தான் காவல் நின்றேன், மாமி கூப்பிட்டதைக் கேட்டு அந்த ஓங்கில் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று.